பாம்பன் தம்பிக்கு, குழுவில் வரும் ஆதார் படங்கள் குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஒரு விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், தொலைக்காட்சியில் செய்தி வருவதற்கு முன்பே நீங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் படகு எண்ணும் ஆட்களின் பெயர்களும் வந்துவிடுகின்றன. தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் உள்ள குடும்பங்கள் அதை நம்பித்தான் அடுத்த வேலையைப் பார்க்கின்றன. அந்த வேகத்தை நான் குறை சொல்லவில்லை. பெயர்களோடு சேர்ந்து வரும் படங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

பிடிபட்டவரின் ஆதார் அட்டை இருபக்கமும், மீனவர் அடையாள அட்டை, மனைவியின் கைபேசி எண், சில வேளைகளில் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என எல்லாமே, யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாத குழுவில் விழுகின்றன. மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் இவை தேவைப்படலாம். தொண்டியில் ஐஸ் வியாபாரம் செய்பவருக்கு எதற்கு?

கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது என்பீர்கள், சரிதான். ஆனால், கணவர் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார் என்று கலங்கிப்போயிருக்கும் பெண்ணை ஒருவன் அழைத்து, படகு எண்ணையும் மாமனார் பெயரையும் பிறந்த தேதியையும் பிழையில்லாமல் சொல்லி, விடுதலைக்கான உதவித்தொகை வந்திருப்பதாகப் பேசினால், அவன் கேட்கும் ஓடிபியை அவர் சொல்லாமல் இருப்பாரா? நானாக இருந்தாலும் சொல்லிவிடுவேன். அவன் பேச்சை நம்பவைக்கும் விவரங்கள் அனைத்தும் நம் குழுவிலேயே கிடைக்கின்றன.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆயினும் ஒருவர் தம் விவரத்தைத் தாமே பொதுவில் வெளியிட்டிருந்தால், அந்த விவரத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. பதற்றத்தில் தம் விவரங்கள் எல்லாவற்றையும் முகநூலிலும் போட்டுவிடும் உறவினர்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. குழுவில் நீங்கள் அழித்தாலும், அதற்குள் பிறர் சேமித்ததும் அடுத்த குழுவுக்கு அனுப்பியதும் அப்படியே இருக்கும்.

ஆகவே குழுவில் பெயர், ஊர், படகு எண் மட்டும் போதும். ஆவணங்களைக் குடும்பத்தார் அலுவலகத்துக்கோ சங்கப் பொறுப்பாளருக்கோ நேரடியாக அனுப்பட்டும். முழு எண் கட்டாயமில்லாத இடங்களுக்கு, 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு அது சில நிமிட வேலை. குடும்பத்தின் எண்ணுக்குப் பதிலாக உங்கள் எண்ணையே தொடர்புக்குக் கொடுங்கள். உங்களுக்குத் தொல்லைதான், ஆனாலும் அறியாத அழைப்பை நிதானமாக விசாரிக்க அந்த நேரத்தில் உங்களால் முடியும், அவர்களால் முடியாது. எவருடைய பணமாவது போய்விட்டால், குழுவில் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் உடனே இணையவழிப் பணமோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடுவதற்குள் முடக்க அப்போதுதான் வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் உள்ள ஓர் அக்கா