அஞ்சலகத்தை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அலாஸ்காவின் பழைய மரக்கட்டை விடுதிகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் டனானா ஆற்றங்கரையில், பிக் டெல்டாவில் உள்ள ரிகா விடுதிக்கு நான்கே வரிகள். அந்த நான்கிலும் ரிகா இல்லை!

கட்டியவர் ஜான் ஹைடுகோவிச் என்பது சரிதான். வியாபாரம், வேட்டை என்று அலைந்த அவர் 1917-இல் வேலைக்கு வைத்த ஸ்வீடன்காரப் பெண்தான் ரிகா வாலன். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். 1923-இல் விடுதி அவருக்கே சொந்தமாயிற்று. விலை 10 டாலரும், அவருக்கு வரவேண்டியிருந்த சம்பள பாக்கியும்! முதலாளியை மெச்சுவதா, திட்டுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பின்னாளில் அவர் சேர்த்துக் கட்டிய பகுதியில் தபால் நிலையமும் இருந்தது, போஸ்ட்மாஸ்டரும் அவரே. 34 ஆண்டுகள் தபால் பைகளோடு காலம் தள்ளியவன் நான்; இதை விட்டுவிட்டதுதான் பொறுக்கவில்லை. இந்த விடுதி இருந்த பாதையில், வால்டீஸ் துறைமுகத்திலிருந்து உள்நாட்டு ஊரான ஃபேர்பேங்க்ஸ் சுமார் 365 மைல். குளிர்காலத்தில் குதிரை பூட்டிய சறுக்குவண்டி, இல்லாவிட்டால் நாய்வண்டி. வழிநெடுக இப்படி விடுதிகள் இல்லாமல் தபால் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? ரிகா ஆடு வளர்த்தார், கம்பளி நூற்றார், தோட்டம் போட்டுக் காய்கறி விளைவித்தார். கடைத்தெரு இல்லாத காட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே.

கட்டுரையாளர் இவற்றைச் 'சத்திரம்' என்கிறார். சத்திரத்தில் சோற்றுக்குக் காசு கேட்பதில்லை, இங்கே கேட்டார்கள்.

'பனி அழித்த விடுதிகள்' என்ற படக்குறிப்பும் தவறு. 1937-இல் அதே பாதையில் இருந்த பிளாக் ரேப்பிட்ஸ் விடுதியை நோக்கி ஒரு பனியாறே பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. விடுதிகளின் பிழைப்பைக் கெடுத்தது கார்தான். நாள் முழுக்கப் போன தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடப்பவன் எதற்கு இறங்கப் போகிறான்? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டனானாவின் மேல் பாலமும் வந்ததும், ரிகா வீட்டுப் படகுத்துறைக்கு வேலையில்லாமல் போயிற்று. இன்னொரு எமன் தீ. 1932-இல் கட்டிய காப்பர் சென்டர் விடுதி 2012-இல் எரிந்துபோனது.

ரிகாவின் வீடு இன்று அரசுப் பூங்காவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை படம் வெளியிட்டால், அந்தத் தபால் நிலையத்தையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
தென்காசி.