நஞ்சுக்கொடி எந்த இடத்தில் நிற்கிறது?

அன்புள்ள மல்லிகா,

பேத்தி பிறந்த செய்தி படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ரம்யாவைக் கேட்டதாகச் சொல், பத்தியம் என்ற பெயரில் அவளைப் பட்டினி போட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம், இவருக்கு முழங்கால் வலி மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

சரி, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவருக்குள் ஆழமாக வேர்விட்டுவிட்ட உன் அக்ரிட்டா கேஸுக்கு வருகிறேன். பழைய சிசேரியன் தழும்பின் மேலேயே நஞ்சுக்கொடி இறங்கி, சிறுநீர்ப்பை வரை போய், கடைசியில் கருப்பையை எடுத்துத்தான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றினேன் என்று எழுதிவிட்டு, "இது புற்றுநோய் மாதிரியே பரவுகிறதே, புற்றுநோயைப் படிக்கிற உங்கள் ஆட்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லையா?" என்று கேட்டிருந்தாய். பார்க்கிறார்கள் மல்லி, நூறு வருஷத்துக்கு மேலாகவே. எடின்பரோவில் இருந்த ஜான் பியர்ட் 1902-லேயே நஞ்சுக்கொடியை உருவாக்கும் ட்ரோபோபிளாஸ்ட் செல்லையும் புற்றுநோய்ச் செல்லையும் பக்கத்தில் வைத்துப் பேசினார். புற்றுநோய்க்கு அவர் சொன்ன காரணம் நிற்கவில்லை, ஆனால் இரண்டும் ஒரே மாதிரி ஊடுருவுகின்றன என்று கண்டது வீண்போகவில்லை.

நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சியான வில்லஸில் இருக்கும் வரை ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதத்தால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, அடியிலுள்ள படலத்தை ஆல்ஃபா-6 பீட்டா-4 என்ற இன்டெக்ரினால் (செல்லைச் சுற்றுப்புறத்தோடு பிணைக்கும் புரதம்) பற்றியிருக்கும். தாயின் பக்கம் கிளம்பும்போது ஈ-கேட்ஹெரின் குறைகிறது, பழைய இன்டெக்ரின் போய் ஆல்ஃபா-5 பீட்டா-1, ஆல்ஃபா-1 பீட்டா-1 இரண்டும் வருகின்றன, கருப்பையின் சுருள் தமனிக்குள் நுழைந்த பிறகு ரத்தக்குழாய்ச் செல்லுக்கு உரிய விஇ-கேட்ஹெரினையும் வைத்துக்கொள்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது சான் ஃபிரான்சிஸ்கோவில் கரோலின் டாம்ஸ்கியும் சூசன் ஃபிஷரும் செய்த சோதனை. ஆல்ஃபா-1 பீட்டா-1-ஐத் தடுத்தால் செல் முன்னேறுவதில்லை, ஆல்ஃபா-5 பீட்டா-1-ஐத் தடுத்தாலோ இன்னும் வேகமாகப் போகிறது. அதாவது முன்னே போகச் சொல்வதையும் இழுத்துப் பிடிப்பதையும் அந்தச் செல் ஒரே சமயத்தில் வரவழைத்துக்கொள்கிறது! இந்த மாற்றம் சரியாக நடக்காத நஞ்சுக்கொடிகளை அதே குழு 1997-ல் ப்ரீ-எக்லாம்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்த தாய்மார்களிடம் காட்டியது, அதன் கஷ்டத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மேஜைக்கு வரும் லோபுலர் வகை மார்பகப் புற்றுநோய் ஸ்லைடுகளில் ஈ-கேட்ஹெரினைக் காட்டும் சாயமே ஏறாது. செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசைகட்டி நாருக்குள் ஊர்ந்து போயிருக்கும், அதைப் பார்க்கும்போதெல்லாம் வில்லஸை விட்டுக் கிளம்புகிற ட்ரோபோபிளாஸ்ட் நினைவுக்கு வராமல் இருக்காது. 1998-ல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் பரம்பரையாக வந்த இரைப்பைப் புற்றுநோய்க்கும் அதே ஈ-கேட்ஹெரின் மரபணுவின் பழுதுதான் காரணம் என்று தெரிந்தது. ஆனால் பிடி விட்டால் பரவும் என்று அவசரப்பட்டு எழுதிவிட முடியாது. 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிகளின் மார்பகப் புற்றுநோயில் ஈ-கேட்ஹெரினை எடுத்துப் பார்த்தார்கள், செல்கள் சுற்றிலும் அதிகமாக ஊடுருவின, ஆனால் வழியிலேயே பெருமளவு செத்துப்போனதால் தூரத்து உறுப்புகளில் குடியேறியவை குறைந்துவிட்டன.

அதனால்தான் நான் இப்போதெல்லாம் செல்லைவிட அது நுழைகிற திசுவைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன். ஆரோக்கியமான கர்ப்பத்தில் ட்ரோபோபிளாஸ்ட் கருப்பைத் தசையின் உள் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது, அந்த எல்லையைக் காப்பதில் கர்ப்பத்தில் மாறிய கருப்பை உள்படலமான டெசிடுவாவுக்குப் பெரிய பங்கு. உன் நோயாளியின் தழும்பில் டெசிடுவா சரியாக இல்லை, அந்தச் செல்களுக்கு வெறி பிடித்ததைவிட, நிறுத்த ஆள் இல்லாததுதான் அங்கே பெரிய விஷயம்.

அப்புறம் பசுவை எடுத்துக்கொள். கன்று ஈன்றதும் இளங்கொடி பெரும்பாலும் தாயின் திசுவைக் கிழிக்காமல் கழன்று விழுந்துவிடும், ஏனென்றால் அது கருப்பைக்குள் தோண்டிப் போவதே இல்லை. பசு, குதிரைகளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தாலும் நம்மைப்போல் அவ்வளவு சுலபத்தில் பரவுவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யேலின் குன்டர் வாக்னர், கனெக்டிகட்டின் க்ஷிதிஸ் ஆகியோரின் குழு தேடியது. பசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (திசுவைத் தாங்கும் நாரை உருவாக்கும் செல்கள்) ட்ரோபோபிளாஸ்டையும் மெலனோமாவையும் மனிதச் செல்களைவிட நன்றாகத் தடுத்தன; மனித ஃபைப்ரோபிளாஸ்ட்களில் சில மரபணுக்களைப் பசுவின் நிலைக்குக் கொஞ்சம் நகர்த்தியதும் புற்றுச் செல்லின் நுழைவு குறைந்தது என்று 2019-ல் வெளியிட்டார்கள். கருவை ஆழமாக வேர்விட அனுமதித்த நம் உடம்பு, தோலிலும் அந்த இளக்கத்தை வைத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம், எனக்கு அது சரியாகவே படுகிறது. புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்துக்குக் கொட்டுகிற உழைப்பில் ஒரு பங்காவது சுற்றியுள்ள திசுவைப் பலப்படுத்தப் போக வேண்டும் என்று மீட்டிங்கில் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் கருப்பையின் பிளாக் (மெழுகில் பதித்த திசு) இன்னும் உங்களிடம் இருந்தால், அனுமதி வாங்கி, தழும்பும் தசையும் சேரும் இடத்திலிருந்து இரண்டு ஸ்லைடு அனுப்பி வை. இங்கே ஈ-கேட்ஹெரின் போட்டுப் பார்த்து உனக்குப் படம் அனுப்புகிறேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுது.

அன்புடன்,
சாரதா