மூன்று வெள்ளங்களும் ஒரு வீடும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டது. வீடு மாறுகிற அமளியில் பதில் எழுதத் தாமதமானதைப் பொறுத்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன். மகளுக்கு விரும்பிய படிப்பே கிடைத்ததிலும், நீங்கள் அடுத்த ஆண்டு மெல்பேர்னை விட்டு பிரிஸ்பேனுக்கே வந்துவிட முடிவு செய்ததிலும் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. ஆற்றங்கரைப் பகுதியில் வீடு பார்க்கும்போது பையர்ஸ் ஏஜென்ட், அதாவது வாங்குபவர் சார்பில் வீடு தேடி விலை பேசும் முகவர், வைத்துக்கொள்வது தண்டச் செலவா என்று கேட்டிருந்தாய். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். முடிவை நீ எடு.

முதலில் அமர்த்தியவரிடம் ஏமாறத்தான் இருந்தோம். வாங்கும் விலையில் இத்தனை சதவீதம் என்று அவர் கட்டணம் கேட்டார். விலை ஏற ஏறத் தன் கூலியும் ஏறும் ஒருவர் நமக்காக எப்படி விலையைக் குறைத்துப் பேசுவார் என்ற எளிய கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை, கல்யாணிக்குத்தான் தோன்றியது. அவர் காட்டியவை பெரும்பாலும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். கட்டுமான நிறுவனத்திடமிருந்தும் உங்களுக்கு ஏதாவது வருமா என்று நான் கேட்டபோது, பதில் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர நேராக வரவில்லை. அதோடு அவரை விட்டுவிட்டோம். அடுத்து வந்த அம்மையார் நிலையான கட்டணமாக 15,000 டாலர் கேட்டார். முதலில் ஒரு பகுதி, மீதி ஒப்பந்தம் உறுதியான பிறகு. அவருடைய உரிமம் செல்லுபடியாகிறதா என்று மாநில அரசின் பதிவேட்டில் பார்த்த பிறகே நியமனப் படிவத்தில் கையெழுத்திட்டோம்.

கிரேஸ்வில்லில் ஒரு வீட்டைப் பார்த்த அன்றே எங்கள் மனம் அங்கே குடியேறிவிட்டது. உயரமான மரத்தூண்களின் மேல் நிற்கும் பழைய குயின்ஸ்லாண்டர் வீடு. சுற்றிலும் தாழ்வாரம், பின்புறம் ஒரு பெரிய மாமரம். ஆறு அங்கிருந்து கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருந்ததால் வெள்ளத்தைப் பற்றி நாங்கள் நினைக்கக்கூட இல்லை. ஏஜென்ட் அம்மையார் வீட்டுக்குள் வரவே இல்லை. நேராக வீட்டின் அடிப்பகுதிக்குச் சென்று, தூண்களையும் கீழ்ச்சுவரையும் தடவிப் பார்த்தார். மேலே பழைய பலகையும் கீழே இடுப்பளவுக்கு மட்டும் புதிய பலகையுமாக இருந்த ஒரு சுவரைச் சுட்டிக்காட்டி, எதிர்வீட்டு முதியவரிடம் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். 2011 ஜனவரியில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அவர் தம் வேலிக்கம்பத்தில் கைவைத்தே காட்டினார்.

அன்றிரவு மாநகராட்சி இணையத்தில் இலவசமாகவே தரும் வெள்ள அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மனையின் தரைமட்டம் எவ்வளவு உயரம், வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வரக்கூடும் என்று இரண்டையும் அது அருகருகே வைத்துக் காட்டுகிறது. நகர மையத்து அளவுகோலில் 1974-இல் ஆறு 5.45 மீட்டரும், 2011-இல் 4.46 மீட்டரும், 2022-இல் 3.85 மீட்டரும் உயர்ந்திருக்கிறது. 1974-க்குப் பிறகு வைவன்ஹோ அணையைக் கட்டியதும் இனி அப்படி ஒரு வெள்ளம் வராது என்று பலர் நம்பியிருந்தார்களாம். காவிரிக் கரையில் வளர்ந்த நமக்கு வெள்ளம் என்றால் கரை உடைவதுதான் நினைவுக்கு வரும். இங்கே பல தெருக்களில் அது கரையைத் தாண்டி வருவதில்லை. ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்ததும் மழைநீர் வடிகால் குழாய்களின் வழியே பின்னோக்கி ஏறி, ஆற்றைவிட்டுத் தள்ளியிருக்கும் பள்ளமான தெருவில் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே, ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்று கேட்காதே. எத்தனை மீட்டர் உயரம் என்று கேள்.

நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்று சொல்கிறார்களே, அதை அம்மையார் விளக்கிய விதமும் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் தீர்வதற்குள் அது ஒரு முறையாவது வந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே காப்பீட்டுக்கு விலை கேட்கச் சொன்னார். ஒரு நிறுவனம் வெள்ளத்தைச் சேர்க்கவே மறுத்துவிட்டது. இன்னொன்று சொன்ன ஆண்டுத் தொகை, எங்கள் காருக்குக் கட்டுவதைப் போல ஏழு மடங்கு. கல்யாணி இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த வீட்டின் படங்களைத் தானே கைப்பேசியிலிருந்து அழித்தாள்.

2025 ஆகஸ்ட் முதல் இங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில், விற்பவர் வீட்டைப் பற்றிய விவரங்களைச் சொல்லும் ஒரு வெளிப்படுத்தல் படிவம் தர வேண்டும் என்று சட்டம் வந்திருப்பது உண்மைதான். ஆனால் பழைய வெள்ளங்களின் வரலாற்றை அந்தப் படிவத்தில் சொல்ல வேண்டியதில்லை என்பதை மறந்துவிடாதே.

ஏலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே வழக்கம் வேறு. மெல்பேர்னில் விற்பனை ஏஜென்ட் ஒரு விலை வரம்பைக் காட்டியாக வேண்டும். இங்கே ஏலத்துக்கு வரும் வீட்டுக்கு விலை இவ்வளவு இருக்கும் என்று அவர் சொல்லவே கூடாது. அண்மையில் அக்கம்பக்கத்தில் விற்றவற்றை வைத்து நாமேதான் கணக்கிட வேண்டும். அம்மையாருக்குக் கொடுத்த கட்டணத்தில் பாதியாவது அவர் போட்டுத் தந்த இந்த ஒரு கணக்குக்கே தகும் என்பது என் எண்ணம். ஓர் ஏலத்தில் விலை நாங்கள் வகுத்த வரம்பைத் தாண்டியதும் எங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் அமைதியாகக் கையைக் கீழே போட்டுவிட்டார். நானாக இருந்தால் கட்டாயம் இன்னும் மூன்று முறை கையை உயர்த்தியிருப்பேன். ஏலத்தில் எடுத்தால் பின்வாங்க முடியாது. நேரடியாகப் பேசி வாங்கினால் ஐந்து வேலை நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் விற்பவர் விலையில் 0.25 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி என்று எழுதமாட்டேன். சந்தைக்கு வராத வீடுகள் தம்மிடம் நிறைய உண்டு என்று முதல்நாள் சொன்னவர், கடைசிவரை காட்டியவை இரண்டுதான், இரண்டும் தேறவில்லை. மறுவிற்பனையில் நல்ல விலை போகாது என்று அவர் ஒதுக்கிய இந்தூருப்பில்லி வீட்டைத்தான் முடிவில் வாங்கினோம். ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம் என்பதன் மதிப்பு, கார் ஓட்டவே விரும்பாத கல்யாணிக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. ஆனாலும் நாங்கள் உறுதியாக இருப்பதைப் பார்த்ததும் முகம் சுளிக்காமல் பேரத்தில் இறங்கினார். கட்டட ஆய்வில் குளியலறைச் சுவருக்குள் கரையான் இருப்பது தெரிந்தபோது, சீர்செய்யும் செலவை விலையில் கழிக்க வைத்தவரும் அவரே.

வீடு மேட்டுச் சரிவில் இருக்கிறது. பின்தாழ்வாரத்தின் ஓர் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால், இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு முழ அகலத்துக்கு ஆறு தெரியும். அவ்வளவுதான் எங்கள் ஆற்றங்கரை.

ஜூலை விடுமுறையில் இருவரும் வந்து ஒரு வாரம் தங்குங்கள். மாலையில் வால்டர் டெய்லர் பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போய்வரலாம்; அந்தப் பாலத்தின் கோபுரங்களுக்குள் ஒரு காலத்தில் மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள், உனக்குப் பிடிக்கும். அதற்கு முன், மனதில் வைத்திருக்கும் தெருக்களின் பெயர்களை எழுதி அனுப்பு. வெள்ள அறிக்கைகளை எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ரகு