பொதுச் சொற்பொழிவு வேறு, கருத்தரங்கு வேறு

நண்பர்களே, சமூக அறிவியல் புலத்தின் பொதுச் சொற்பொழிவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கருத்தரங்கு அப்படியில்லை. கட்டுரை முன்கூட்டியே சுற்றுக்கு வரும், படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். போன தடவை பாதிப் பேர் வாசலில் நின்று கைபேசியில் முடிவுரையைத் தேடிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

'செமினார்' என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். அங்கே வருவது இன்னும் வேர் பிடிக்காத வாதம். அதனால் திரையைப் படம் எடுத்து இங்கே போடாதீர்கள். 1927இல் லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனத்தில் பிறந்த விதிதான் நமக்கும்: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று வெளியிடக் கூடாது.

அப்புறம், மைக் கையில் வந்ததும் இன்னொரு சொற்பொழிவைத் தொடங்கிவிடாதீர்கள். கேள்வி மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று!