பால் கட்டுக்கும் ஒரு கெடு உண்டு

மகளைப் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். பிள்ளை பெற்றவள் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் முதலில் உங்களிடம்தான் சொல்வாள். "பால் கட்டியிருக்கும், கரைஞ்சிடும்" என்பீர்கள். பெரும்பாலும் அது சரிதான். சரியில்லாத வேளையைக் கண்டுகொள்வதற்கே இதை எழுதுகிறோம்.

பால் கட்டு தொட்டால் வலிக்கும். குழந்தை குடித்ததும் கொஞ்சம் இளகும், ஒன்றிரண்டு நாளில் அடங்கும். வழக்கம்போல் பால் கொடுக்கட்டும். கட்டியைக் கரைக்கிறேன் என்று அழுத்திப் பிசையாதீர்கள். பால்குழாயைச் சுற்றியுள்ள சதை வீங்கிக் குழாயை நெருக்குவதால் வருவது அது, பிசைந்தால் வீக்கம் கூடும். அளவுக்கு மீறிக் கறந்தாலோ பால் இன்னும் அதிகமாக ஊறும். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம், வலிக்குப் பாராசிட்டமால், அவ்வளவு போதும். (மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் பால் வற்றுவதற்கு. இந்த நேரத்தில் அது வேண்டாம்.)

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டி, குளிர் நடுக்கமும் சிவப்பும் சேர்ந்து, ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரமாகியும் குறையவில்லை என்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். அதற்கு மாத்திரையை மாற்றி மாற்றிப் பயனில்லை. ஸ்கேன் பார்த்து ஊசியால் சீழை எடுக்க வேண்டும். அப்போதும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருப்பது அபூர்வம்.

எங்களுக்குக் கவலை தருவது வேறொரு கட்டி. வலிக்காது, கெட்டியாக இருக்கும், பால் குடிக்கும் முன்னும் பின்னும் ஒரே அளவு. "வலிக்கலையே" என்று மாதக்கணக்கில் விடப்படுவதும் இதுதான். புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் காட்டியே ஆக வேண்டும். அக்குளில் நிற்கும் கட்டிக்கும் இதே கெடு.

மருந்து முடிந்தும் சிவப்பு போகாமல் பரவுகிறதா, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழிகுழியாகத் தடிக்கிறதா, தாமதிக்காதீர்கள். அரிதான ஒரு வகைப் புற்றுநோய் இப்படி மார்புத் தொற்று வேடத்தில் வரும். கையில் கட்டி தட்டுப்படாமலே சில வாரங்களில் பரவிவிடும். காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டாலும், காம்பில் புண் ஆறாவிட்டாலும், ஒரே துளையிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருந்தாலும் காட்டுங்கள். பிரசவித்த முதல் சில நாட்கள் பால் துரு நிறமாக வந்து ஒரு வாரத்துக்குள் தெளிவது வேறு. அதற்குப் பயம் வேண்டாம்.

மார்புக் கட்டியைப் பொது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனை என்றால் சர்ஜரி ஓபி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இரண்டும் பால் கொடுக்கும்போது எடுக்கலாம். மேமோகிராமுக்குச் சற்று முன்பு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும். கட்டியிலிருந்து ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிச் சோதனைக்கு அனுப்பினால் 'பால் கொடுப்பவர்' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பால் சுரக்கும்போது செல்களின் தோற்றமே மாறியிருக்கும். விவரம் தெரியாமல் பார்ப்பவர் தவறாகப் படித்துவிடக்கூடும்.

"பால் மறந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை பால் மறக்க ஒன்றரை வருடம்கூட ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடுவோர்