ஃபிளாட் கம்பியைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பேஸ் கிட்டார் பழகுகிறவர்களுக்கான குறிப்புகளைப் படித்தேன். மரம், பிக்கப், ஆம்ப் என்று எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியவர், கம்பிக்கு வந்ததும் ‘ரவுண்ட் வவுண்ட் வாங்குங்கள், ஃபிளாட் வவுண்ட் பழைய காலத்துச் சரக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தூத்துக்குடியில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிற எனக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை.

இரண்டு வகையிலும் உள்ளே இருப்பது எஃகுக் கம்பிதான். அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட், பட்டை நாடாவைச் சுற்றினால் ஃபிளாட். விரலை வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ரவுண்டில் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்குச் சறுக்கிப் போனால், அரம் உரசுகிற மாதிரி ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் கூடவே வரும். ஃபிளாட்டில் சுரம் மட்டும் நகரும். சுண்டும்போது ரவுண்ட் ‘டங்ங்’ என்று ரீங்கரித்துக்கொண்டு நிற்கும்; ஃபிளாட் ‘தும்’ என்று கனமாக இறங்கி, மேல்சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். 80-களின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே போட்டுக்கொண்டு போகுமே, அதை மேடையில் வாசிக்க எனக்கு இந்தத் ‘தும்’தான் வேண்டும். பக்கத்தில் தபேலா இருந்துவிட்டால் இன்னும் சுகம்.

சரி, பழைய காலத்துச் சரக்கா என்று பார்ப்போம். 60-களில் அமெரிக்காவின் டெட்ராயிட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கனமான லா பெல்லா ஃபிளாட் கம்பிகளைப் போட்டு, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று பேர் வாங்கியவர். சுண்டுவதும் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான். அவரைப் பழசு என்று சொல்லிவிடலாம். அயர்ன் மெய்டன் ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸை என்ன செய்வது? குதிரைப் பாய்ச்சலில் ஹெவி மெட்டல் வாசிக்கும் அந்த மனிதர் மாட்டியிருப்பதும் ரோட்டோசவுண்டின் ஃபிளாட் கம்பிகளைத்தான். இன்னொரு பக்கம் ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபிரெட் இல்லாத பேஸில் ரவுண்ட் கம்பி போட்டுப் பாட வைத்தார். கம்பி மரத்தை அரித்துவிடக் கூடாதென்று படகுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசினை விரற்பலகையில் பூச வேண்டியிருந்தது, அவ்வளவுதான். யாருக்கு எந்தச் சத்தம் வேண்டுமோ அதற்கேற்ற கம்பி. இதில் காலம் எங்கே வந்தது?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உப்புக் காற்றும் மேடை விளக்குச் சூட்டில் வழிகிற வியர்வையும் சேர்ந்தால், ரவுண்டின் சுற்றுகளுக்கு இடையில் அழுக்கு ஏறிவிடும். புதுக் கம்பியின் பளிச்சென்ற சத்தம் ஒரு கோயில் கொடை சீசன்கூடத் தாங்காது. கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து மாட்டுவோம். சில கச்சேரிக்கு உயிர் வரும், அப்புறம் பழையபடி செத்துவிடும். ஃபிளாட் செட் வாங்கும்போது கை கடிக்கத்தான் செய்யும். ஆனால் துணியால் துடைத்துத் துடைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம். போகப் போகத்தான் அதன் சத்தமே எனக்குப் பிடிக்கிறது. ஃபிரெட்டும் சீக்கிரம் தேயாது.

ரவுண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டை விரலால் தட்டி ஸ்லாப் வாசிக்கிற பையனுக்கு அதுதான் சரி. செல்போனில் பாட்டு கேட்கிறவர்களுக்காகப் பதிவு செய்தாலும் அதுதான் கைகொடுக்கும். பேஸின் தடித்த கம்பியான ‘ஈ’யைச் சும்மா மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. மேல் சுரங்களை வைத்துத்தான் காது பேஸைப் பிடிக்கிறது, அந்த மேல் சுரங்கள் ரவுண்டில்தான் தாராளம். இரண்டுக்கும் நடுவில், ரவுண்டின் மேற்பரப்பை இழைத்து எடுத்த ஹாஃப் ரவுண்டும் இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. கறுப்பு நைலான் நாடா சுற்றிய டேப் வவுண்ட் விரலுக்கு மெத்தென்று இருக்கும், சத்தமும் நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரியான டபுள் பேஸ் பக்கம் சாயும்.

கட்டுரையாளர் அடுத்த தடவை எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நல்லது. ரவுண்டிலிருந்து ஃபிளாட்டுக்கு மாறினால் பெரும்பாலும் இழுவிசை கூடும், கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளையும், கம்பி ஃபிரெட்டிலிருந்து உயர்ந்துவிடும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் அழுத்த முடியாமல் திணறி, ஃபிளாட் என்றாலே இப்படித்தான் போல என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் முறுக்கச் சொன்னால் போதும், கம்பி இறங்கிவிடும்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு பேஸ் கலைஞர் ஒருவர்,
தூத்துக்குடி.