எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகூர் ஹனிபாவின் நூற்றாண்டையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கழக மேடைகள், 1961-இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம்.எஸ்ஸோடு சேர்ந்து பாடியது எல்லாம் இருந்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை மட்டும் 'மத நல்லிணக்கப் பாடல்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எழுதிய ஆர். அப்துல் சலாமின் பெயரைக்கூடக் காணோம்.

நான் திருவாரூர் பக்கம் மைக் செட் கடை வைத்திருந்தவன். தர்கா சந்தனக்கூட்டுக்கும் மாரியம்மன் கோயில் தீமிதிக்கும் அதே ஆம்ப்ளிஃபயர், அதே குழாய் ஸ்பீக்கர்கள்தான் போகும். கோயில் வேலையிலும் இந்தப் பாட்டைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. தென்னைமரத்தில் கட்டிய குழாயில் கனத்த குரல் எடுபடாது. நாலு வயல் தாண்டினால் வெறும் இரைச்சல்தான். ஹனிபாவின் குரலோ உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். நடவு நடுகிறவர்களுக்கும் வரி முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த வரியில் இருப்பது என்ன? ஒரு நிக்காஹ் வீட்டில் இந்தப் பாட்டு ஓடியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹஜ்ரத் (மார்க்கம் படித்தவர்) விளக்கினார். 'என்னை அழையுங்கள், நான் பதிலளிக்கிறேன்' என்று திருக்குர்ஆன் 40-ஆம் அத்தியாயம் 60-ஆம் வசனத்தில் இறைவன் சொல்கிறானாம். பாட்டும் அதையே சொல்கிறது, பொறுமையோடு கேள் என்பதையும் சேர்த்து. முஸ்லிம்கள் துஆ என்று சொல்லும் வேண்டுதலின் சாரம் அது. தன் மார்க்கம் சொன்னதை நீர்த்துப்போகாமல், எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஒரு கவிஞர் எழுதினார். கோயில் வாசலிலும் அது ஒலித்ததற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். (நாகூர் தர்கா மகானான நாகூர் ஆண்டவர் மீதும் இதே ஹனிபா பாடியிருக்கிறாரே, இறைவனிடம் நேராகக் கேட்பதா, தர்காவில் போய்க் கேட்பதா என்று முஸ்லிம்களுக்குள் வாதம் உண்டு. அதில் மைக் செட்காரனுக்கு என்ன வேலை!)

நல்லிணக்கம் என்று மட்டும் எழுதினால் பாட்டில் சொன்ன விஷயம் காணாமல் போகிறது, எழுதியவரும் கூடவே போய்விடுகிறார். இனி இந்தப் பாட்டைக் குறிப்பிடும்போது பாடியவர் பெயருக்குப் பக்கத்தில் அப்துல் சலாமின் பெயரையும் அச்சிடுங்கள். இஸ்லாமியப் பாடல்களை எழுதிய தமிழ்க் கவிஞர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

மைக் செட் கடை நடத்திய வாசகர்,
திருவாரூர்.